ஒன்பதாம் மாத ஊசி: மச்சாளின் மகனுக்கு ஓட்டிசம், என் மகளுக்குப் போடலாமா?

கண்டாவளைத் தாய் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு வருகிற 14ஆம் திகதி ஒன்பது மாதம் முடிகிறது. அடுத்த கிளினிக்குக்கு சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றையும் தடுக்கிற எம்எம்ஆர் ஊசிக்குக் கொண்டுவரச் சொல்லி மிட்வைஃப் அக்கா கார்ட்டில் பென்சிலால் எழுதிவிட்டுப் போயிருக்கிறா. இதுவரை எல்லா ஊசியும் நாள் தவறாமல் போட்டவள் நான். இந்த ஒன்றுக்குத்தான் மனம் பின்னுக்கு இழுக்கிறது.

காரணம் இவருடைய தங்கச்சியின் மகன். நாலு வயது. ஒரு சொல்லும் கதைப்பதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான், ஆனால் பக்கத்து வீட்டில் ரொபி உறையைப் பிரித்தால் ஓடி வருவான். போன வருடம் ஓட்டிசம் என்று சொன்னார்கள். "ஊசிக்குப் பிறகுதான் பிள்ளை இப்படிப் போனான்" என்பது மாமியாரின் முடிவு. அவ சண்டைக்காரி இல்லை, பேரப்பிள்ளைக்காக அழுகிற மனுசி. அதனால்தான் எனக்கும் தட்டிக் கதைக்க வாய் வருவதில்லை.

இதற்குள் லண்டனில் இருக்கிற சித்தி ஆறு நிமிடக் குரல் பதிவு அனுப்பியிருக்கிறா. அங்கே ஒரு பெரிய டொக்டரே இதைக் கண்டுபிடித்தவராம், அவரை மிரட்டி வாயை அடைத்துவிட்டார்களாம். இப்போது அமெரிக்க அரசாங்கத்தின் இணையப் பக்கத்திலேயே தொடர்பு இல்லை என்று சொல்ல முடியாது என்று போட்டிருக்கிறதாம். இவர் கட்டாரில். "நீயே யோசித்துச் செய்" என்கிறார்.

உண்மையிலேயே தொடர்பு இருக்கிறதா? குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் ஊசி மற்றப் பிள்ளைக்கும் அதைக் கிளப்பிவிடுமா? மூன்று வயதில் எப்படியும் இரண்டாவது ஊசி இருக்கிறதே, இதை விட்டுவிட்டு அதை மட்டும் போடலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கோ.

நெத்தலி எழுதியது:

வட்ஸ்அப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கின சித்திமார் இருக்கும்வரை நாடு முன்னேறாது. ஊசியைப் போடுங்கோ, போனை நிப்பாட்டுங்கோ.

கண்டாவளைத் தாய் எழுதியது:

அண்ணா, நான் பகிடிக்குக் கேட்கவில்லை.

தண்ணிப்பம்ப்காரன், விசுவமடு எழுதியது:

தங்கச்சி, நெத்தலியை விடுங்கோ. இந்தக் கேள்வியோடு இரண்டு வருடம் படுத்து எழும்பினவன் நான். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

எனக்குத் தொழில் தண்ணிப் பம்பும் லாண்ட்மாஸ்டரும் திருத்துவது. இதில் ஒரு தலையெழுத்து இருக்கிறது. ஒருவர் பம்பைக் கொண்டுவருவார், பிளக் மாற்றிக் கொடுப்பேன். பத்து நாளில் பெயாரிங் போகும். "நீ கை வைத்த பிறகுதான் போனது" என்று வந்து நிற்பார். அந்தப் பெயாரிங் ஒரு போகம் முழுக்கத் தேய்ந்து கத்திக்கொண்டு இருந்திருக்கும், தோட்டத்தில் அவருக்குக் கேட்டிருக்காது. கடைசியாகக் கை வைத்தவன் நான், ஆகவே பழி எனக்கு. சில வேளை உண்மையாகவே என் பிழையாகவும் இருக்கும், அதையும் சொல்லத்தான் வேண்டும். கழற்றிப் பார்க்காமல் இரண்டு பேருமே சத்தியம் பண்ண முடியாது.

என் மகன் 2016 ஓகஸ்டில் பிறந்தவன். ஒரு வயது தாண்டி "தண்ணி", "மா", "டக்டர்" என்று நாலைந்து சொல் வந்தது. "டக்டர்" என்றால் டிராக்டர். 2018 பெப்ரவரியில் ஒன்றரை வயது ஊசி போட்டோம். இரவு காய்ச்சல், தொடை வீங்கி அழுதான். அடுத்த மாதம் பார்த்தால் "டக்டர்" இல்லை. பிறகு "தண்ணி"யும் இல்லை. செம்பைக் காட்டி என் கையைப் பிடித்து இழுப்பான், அவ்வளவுதான். நீங்கள் என் இடத்தில் இருந்தால் வேறு என்ன நினைப்பீர்கள்? நானும் அதைத்தான் நினைத்தேன்.

இப்போது ஒன்றைக் கவனியுங்கோ. லண்டனில் முதல் எம்எம்ஆர் போடுவது பன்னிரண்டு, பதின்மூன்று மாதமளவில். பிள்ளை சொல் பிடிக்கிற காலம் அது. அதனால் அங்கே பழி எம்எம்ஆருக்கு. எங்கள் நாட்டில் எம்எம்ஆர் ஒன்பதாம் மாதமும் மூன்று வயதும். ஒன்றரை வயதில் போடுவது தொண்டைக்கரப்பான், கக்குவான், ஏற்புவலிக்கான ஊசி. அதனால் நான் பிடித்த கள்ளன் அது. மருந்து வேறு வேறு, பிள்ளையின் வயது மட்டும் ஒன்று. ஓட்டிசம் உள்ள பிள்ளைகளில் மூன்று நாலு பேரில் ஒருவருக்கு வந்த சொற்கள் நின்றுபோவது உண்டு. அது பெரும்பாலும் ஒன்றே கால் வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடையில்தான். அந்த நேரத்தில் எந்த ஊரில் எந்த ஊசி வருகிறதோ அதன் தலையில் விழும். உங்கள் மாமியாரிடம் ஏசாமல், எந்த ஊசிக்குப் பிறகு என்று மட்டும் கேட்டுப் பாருங்கோ.

சரி, என் கதை. "ஊசி நஞ்சை இறக்கித் தருகிறேன்" என்று ஒருவர் சொன்னார். ஊர் பெயர் வேண்டாம். எட்டுத் தடவை கொண்டுபோனேன். தூள், எண்ணெய், ஒரு கசாயம். நல்ல காலம், வயிற்றோட்டத்தோடு போயிற்று. உடம்பிலுள்ள உலோகத்தை வெளியேற்றுகிறோம் என்று அமெரிக்காவில் 2005இல் ஐந்து வயதுப் பிள்ளை ஒன்றுக்கு மருந்து ஏற்றி, பிள்ளை இறந்தே போனது. அது எனக்குப் பிறகுதான் தெரியும். காசு போனதை விடுங்கோ, ஒரு வருடம் போனது. அந்த வருடத்தில் பேச்சுப் பயிற்சிக்குக் கொண்டுபோயிருக்கலாம். இன்றைக்கும் எனக்கு அது முள்.

கடைசியில் யாழ்ப்பாணத்தில் ஒரு பெண் டொக்டர் பார்த்தா. நான் ஊசிக் கதையைத் தொடங்கியதும் அவ மறுக்கவும் இல்லை, தலையாட்டவும் இல்லை. "போனில் பழைய வீடியோ இருக்கிறதா? முதலாவது பிறந்தநாள் இருந்தால் நல்லது" என்றா. இருந்தது. 2017 ஓகஸ்ட், ஊசிக்கு ஆறு மாதம் முந்தி. இரண்டு பேரும் பார்த்தோம். கேக்குக்கு முன்னால் என் அம்மாவின் மடியில் இருக்கிறான். அம்மா கூப்பிடுகிறா, மனிசி கூப்பிடுகிறா, நான் கமராவுக்குப் பின்னால் நின்று கை தட்டிக் கூப்பிடுகிறேன். ஒருவரையும் பார்க்கவில்லை. விளையாட்டு டிராக்டரைக் கவிழ்த்து வைத்துச் சில்லை விரலால் சுற்றிக்கொண்டு இருக்கிறான். வீடியோவில் என் குரலே சிரிக்கிறது: "பாருங்கோ, இப்பவே மெக்கானிக்!"

எத்தனை தரம் பார்த்த வீடியோ அது. அன்றைக்குத்தான் பெயாரிங் சத்தம் கேட்டது.

இது அந்த டொக்டரின் தனி வித்தை இல்லை. 1994இல் அமெரிக்காவில் இதையே ஆய்வாகச் செய்திருக்கிறார்கள். பின்னர் ஓட்டிசம் என்று தெரிந்த 11 பிள்ளைகள், மற்ற 11 பிள்ளைகள், எல்லோரினதும் முதலாவது பிறந்தநாள் வீடியோக்கள். பார்த்த ஆட்களுக்கு யார் எவர் என்று சொல்லவில்லை. முகம் பார்ப்பது, கூப்பிட்டால் திரும்புவது, விரல் நீட்டிக் காட்டுவது, இவற்றை எண்ணியே பெரும்பாலானவர்களைச் சரியாகப் பிரித்துவிட்டார்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் என்னையும் வதைத்தது. மகள் 2019 மார்ச்சில் பிறந்தாள். டிசம்பரில் ஒன்பதாம் மாத ஊசி. அண்ணனுக்கு இருக்கிறது, இவளையும் கொண்டுபோய்க் கொடுப்பதா? கிளினிக் நாளில் மனிசியிடம் "மழை, ரோட்டில் தண்ணி" என்று சொல்லி நிப்பாட்டினேன். மழை உண்மை, தண்ணி பொய். அப்போது அக்காவின் மகள் மருத்துவ பீடத்தில் படித்துக்கொண்டு இருந்தாள். அவள் போனில் ஒரு ஆய்வை எடுத்து, தேநீர் ஆறும்வரை தமிழில் சொன்னாள். அமெரிக்காவில் 2015இல் வந்தது. அண்ணன் அக்கா உள்ள 95,727 பிள்ளைகள். அதில் 1,929 பேருக்கு மூத்ததுக்கு ஓட்டிசம். எங்கள் வீடு மாதிரி வீடுகள். அந்த வீடுகளிலும் எம்எம்ஆர் போட்ட பிள்ளைக்கு, போடாத பிள்ளையைவிடக் கூட வரவில்லை. அதே ஆய்வில் இன்னொன்றும் இருந்தது: மூத்தவருக்கு ஓட்டிசம் உள்ள வீடுகளில் இளையவருக்கு ஊசி போடுவது குறைவாம். அதாவது, என்னைப் போன்ற அப்பாமார் அமெரிக்காவிலும் மழையைச் சாட்டியிருக்கிறார்கள்.

மூத்ததுக்கு இருந்தால் இளையதுக்கு வரும் வாய்ப்புக் கூடத்தான், ஐந்தில் ஒருவர் அளவுக்கு. அது இரத்தத்தோடு வருவது, ஊசியோடு அல்ல. உங்களுக்கு மச்சாளின் மகன், இன்னும் தூரம்.

பெரிய கணக்கு டென்மார்க்கில் இருந்து. அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு இலக்கம், எந்த ஊசி எப்போது, என்ன நோய் எப்போது என்று எல்லாம் அதில் பதிவு. 1999 முதல் 2010 வரை பிறந்த 657,461 பிள்ளைகளைப் பார்த்து 2019இல் வெளியிட்டார்கள். எங்கள் வட மாகாணத்துச் சனத்தொகையில் பாதிக்கும் கூட. அதில் 6,517 பேருக்கு ஓட்டிசம். போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டால் கூடுதல் ஒன்றும் இல்லை. ஊசி போட்ட உடனே வருகிறதா என்று தனியாகத் தேடினார்கள், மூத்தவருக்கு இருந்த வீடுகளையும் தனியாகப் பார்த்தார்கள். இல்லை. கழற்றிப் பார்ப்பது என்று நான் சொல்வது இதைத்தான்.

இப்போது சித்தியின் பெரிய டொக்டர். அன்ட்ரூ வேக்ஃபீல்ட். 1998இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார். எத்தனை பிள்ளைகள்? 12. பன்னிரண்டு பம்பைப் பார்த்து ஒரு கொம்பனியை மூடச் சொல்கிற கதை. அதிலும் சில பிள்ளைகள் ஊசி மருந்துக் கொம்பனிக்கு எதிராக வழக்குப் போட நின்ற சட்டத்தரணியின் தொடர்பால் வந்தவர்கள். அந்தச் சட்டத்தரணியின் வழக்குக்காக அவருக்கு 4 லட்சத்து 35 ஆயிரம் பவுணுக்கு மேல் போயிருக்கிறது. தனக்கென்று வேறொரு சின்னமுத்துத் தடுப்பு மருந்துக்கு காப்புரிமையும் கேட்டு வைத்திருந்தார். பிரயன் டியர் என்ற பத்திரிகையாளர் 2004இலிருந்து இதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கிண்டி எடுத்தார். பிள்ளைகளின் மருத்துவப் பதிவுகளும் கட்டுரையில் எழுதியதும் பொருந்தவில்லை. கூட எழுதியவர்களில் பத்துப் பேர் 2004இலேயே அந்த முடிவைக் கைவிட்டார்கள். 2010இல் இதழ் கட்டுரையையே நீக்கியது, அதே வருடம் டொக்டர் பதிவும் பறிபோனது. தன் மகனின் பிறந்தநாள் விழாவுக்கு வந்த பிள்ளைகளுக்கு ஐந்து பவுண் கொடுத்து இரத்தம் எடுத்தவர் என்பதும் அந்த விசாரணையில் வந்தது. கேக் சாப்பிட வந்த பிள்ளைகள்!

வாயை அடைத்ததாகச் சொன்னால், அடைத்தது மாதிரித் தெரியவில்லை. இன்றைக்கும் கதைத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

ஸ்காபரோ குளிர் எழுதியது:

தம்பி விசுவமடு, கதை நல்லாயிருக்கு. ஆனால் சில கேள்வி. ஊசிக்குள் பாதரசம் இருக்கிறது என்பதை மறுக்கிறீரா? அலுமினியம்? நான் சின்னனாக முள்ளியவளையில் வளர்ந்த காலத்தில் ஓட்டிசம் என்ற சொல்லே இல்லை. இப்போது வகுப்புக்கு வகுப்பு ஒரு பிள்ளை. ஏதோ ஒன்று கூடியிருக்கத்தானே வேண்டும்? அமெரிக்க அரசாங்கத்தின் நோய்த்தடுப்பு நிலையம், அந்த சிடிசியின் இணையப் பக்கம் மாறியது உண்மைதானே? எல்லாப் புள்ளிவிபரமும் மருந்துக் கொம்பனிக்காரன் காசில் வருவது. நான் ஊசிக்கு எதிரி இல்லை, கேள்வி கேட்கிற ஆள் மட்டுமே.

தண்ணிப்பம்ப்காரன், விசுவமடு எழுதியது:

அண்ணை, கேள்வி கேட்பது நல்லது. பதிலையும் கேட்டால் இன்னும் நல்லது.

பாதரசம்: எம்எம்ஆரில் இல்லை, ஒருகாலும் இருந்ததில்லை. அது உயிருள்ள, வலுக்குறைத்த வைரஸ். பாதுகாக்கும் மருந்தைப் போட்டால் வைரஸே செத்துவிடும். தயோமேர்சல் என்று பாதரசம் உள்ள ஒன்று வேறு சில ஊசிகளின் பல டோஸ் போத்தல்களில் கிருமி பிடிக்காமல் இருக்கப் போடுவது. மீனில் சேருகிற பாதரசம் வேறு வகை, இது உடம்பை விட்டுக் கெதியாகப் போய்விடும். டென்மார்க் 1992இல் அதை நிப்பாட்டியது. அமெரிக்கா 2001அளவில் சின்னப் பிள்ளைகளின் வழமையான ஊசிகளில் இருந்து எடுத்துவிட்டது. ஓட்டிசம் குறைந்ததா? இரண்டு இடத்திலும் கூடிக்கொண்டேதான் போனது. அலுமினியத்துக்கும் 2025இல் டென்மார்க்கில் 12 லட்சம் பிள்ளைகளைப் பார்த்துவிட்டார்கள். ஓட்டிசம் உட்பட ஐம்பது நோய்களில் ஒன்றோடும் தொடர்பு தெரியவில்லை.

இன்னும் நேரான சோதனை யப்பானில் தானாக நடந்தது. எம்எம்ஆரில் இருந்த கூகைக்கட்டுப் பகுதியால் மூளையுறைக் காய்ச்சல் வருகிறது என்று 1993இல் அந்த ஊசியையே நிப்பாட்டினார்கள். அந்தப் பக்கவிளைவு உண்மையானது, கண்டுபிடித்தார்கள், நிப்பாட்டினார்கள். அதற்குப் பிறகு யொக்கொஹாமாவில் பிறந்த பிள்ளைகளைப் பார்த்தால், எம்எம்ஆரே கிடையாத வருடங்களிலும் ஓட்டிசம் ஏறுகிறது. பிளக்கைக் கழற்றி வைத்த பிறகும் இஞ்சின் ஓடினால், ஓட்டுவது பிளக் இல்லை அண்ணை.

முள்ளியவளையில் அந்தச் சொல் இல்லை என்பது சரி. ஆள் இருந்தது. எங்கள் ஊரில் ஒரு பெரியப்பா. கலியாணம் இல்லை, கதை இல்லை. பரந்தன் ரோட்டில் போகிற ஒவ்வொரு லொறியின் இலக்கமும் மனப்பாடம், விரலால் மணலில் எழுதுவார். செத்தவீட்டுக்குப் போனால் பறைச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு வேலிக்கு அப்பால் நிற்பார். "விசர்" என்றுதான் சனம் சொன்னது. எந்த டொக்டர் அவரைப் பார்த்தார், எந்தப் புத்தகத்தில் எண்ணினார்? அவர் பிறந்த காலத்தில் வன்னிக்குள் பிள்ளை ஊசி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. இதையும் நான் ஆதாரம் என்று வைக்கவில்லை. ஒரு ஆள் ஆதாரம் இல்லை, என் மகனும் ஆதாரம் இல்லை, தங்கச்சியின் மச்சாளின் மகனும் இல்லை. அதற்குத்தான் ஆறு லட்சம் பேரை எண்ணுகிறார்கள்.

சிடிசி பக்கம் மாறியது உண்மை. 2025 நவம்பரில் மாறியது. மாற்றச் சொன்னது தான்தான் என்று சுகாதார அமைச்சர் ரொபர்ட் கென்னடியே சொன்னார். அவர் பல வருடமாக இதே கதையைச் சொல்லி வருகிறவர். கூத்து என்னவென்றால், "தடுப்பூசி ஓட்டிசத்தை உண்டாக்காது" என்ற தலைப்பு அப்படியே நிற்கிறது, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. தலைப்பை எடுக்கமாட்டேன் என்று ஒரு செனட்டருக்கு வாக்குக் கொடுத்தபடியால் விட்டிருக்கிறார்களாம். அடுத்த மாதமே உலக சுகாதார நிறுவனத்தின் குழு மறுபடி எல்லாவற்றையும் பார்த்துத் தொடர்பு இல்லை என்றது. டென்மார்க் கணக்கு, யப்பான் கணக்கு எல்லாம் முன்போலவேதான் இருக்கின்றன. மாறினது அறிவிப்புப் பலகை மட்டும்தான்.

கொம்பனிக் காசு பற்றி: கொம்பனியை நானும் நம்புவதில்லை, பெயாரிங் கொம்பனி உட்பட. ஆனால் டென்மார்க், யப்பான், பின்லாந்து, அமெரிக்கா எல்லாம் ஒரே பொய்யை ஒரே மாதிரிச் சொல்ல வேண்டுமென்றால், எங்கள் ஊர்க் கமக்காரர் அமைப்புக் கூட்டத்தை ஒருக்கால் வந்து பாருங்கோ. வாய்க்கால் துப்புரவாக்கும் நாளுக்கே இருபது பேர் ஒத்துவருவதில்லை.

பழைய மிட்வைஃப் எழுதியது:

நான் ஓய்வு பெற்றுப் பல வருடம். தம்பி நல்லாகச் சொல்லிவிட்டார், மிச்சத்தை நான் சொல்கிறேன். மூன்றாவது கேள்வியை ஒருவரும் தொடவில்லையே.

பிள்ளை, மூன்று வயதுவரை விடாதேங்கோ. தாயின் இரத்தத்தில் இருந்து வந்த எதிர்ப்பு, பிள்ளைக்கு ஒன்பதாம் மாதமளவில் தேய்ந்துவிடும். எங்கள் நாட்டில் 2011இல் எம்எம்ஆர் தொடங்கும்போது ஒரு வயதில்தான் வைத்தார்கள். 2013இல் சின்னமுத்துப் பரவியது, ஒரு வயது நிரம்பாத குழந்தைகள் நிறையப் பேருக்கு வந்தது. அதனால்தான் பின்னர் ஒன்பது மாதத்துக்கு இறக்கினார்கள். 2019இல் நாட்டில் சின்னமுத்து ஒழிந்தது என்று அறிவித்தார்கள், 2023இல் திரும்பவும் வந்தது. கட்டாரில் இருந்தும் கொழும்பில் இருந்தும் ஆட்கள் வந்து போகிற வீடு உங்களுடையது. அதோடு ஒரு வயதில் யப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி இருக்கிறது. இதுவும் அதுவும் உயிருள்ள மருந்து. ஒரே நாளில் போடவேண்டும், இல்லாவிட்டால் நாலு கிழமை இடைவெளி வேண்டும். ஒன்றைத் தள்ளினால் மற்றதும் தடுமாறும்.

ஊசிக்கு ஒன்றும் ஆகாது என்று நான் பொய் சொல்லமாட்டேன். இதற்குக் காய்ச்சல் அன்றைக்கு வராது. ஐந்தாம் நாளுக்கும் பன்னிரண்டாம் நாளுக்கும் இடையில் வரும், சிலருக்கு மேலில் பொட்டுப் பொட்டாகச் சிவக்கும். மூவாயிரம் நாலாயிரம் பிள்ளைகளில் ஒருவருக்கு அந்தக் காய்ச்சலில் வலிப்பு வரலாம். பார்க்கப் பயங்கரம், ஆனால் மூளையைப் பழுதாக்காது. சின்னமுத்து வந்த பிள்ளைகளில் ஆயிரத்துக்கு ஒருவருக்கு மூளையே வீங்கும். நான் வேலைக்குப் புதிதில் அப்படி ஒரு பிள்ளையைத் தூக்கியிருக்கிறேன். அதை எழுத விருப்பமில்லை. பிள்ளைக்கு எதிர்ப்புசக்தி குறைகிற வருத்தம் இருந்தாலோ, ஸ்டீரொயிட் மருந்து குடித்தாலோ, முந்தின ஊசிக்கு மூச்சுத் திணறியிருந்தாலோ கட்டாயம் முதலே சொல்லுங்கோ. போட்ட பிறகு இருபது நிமிடம் வாங்கில் இருங்கோ. பஸ்சுக்கு நேரமாயிற்று என்று ஓடாதேங்கோ.

கிளினிக் நாளைத் தவறவிடாதேங்கோ என்று நாங்கள் கத்துவதற்கும் காரணம் இருக்கிறது. எம்எம்ஆர் தூளாக வருவது. அதற்கென்று வருகிற நீரில் கரைத்தால் ஆறு மணித்தியாலம்தான், மிச்சத்தைக் கொட்டவேண்டும். சமோவா என்ற தீவில் 2018இல் தாதிமார் இரண்டு பேர் அந்த நீருக்குப் பதிலாக, சத்திரசிகிச்சையில் தசையைத் தளர்த்தப் போடுகிற மருந்தில் கரைத்துப் போட்டு இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். பிழை தூளில் இல்லை, கையில். ஆனால் சனம் ஊசியையே விட்டது. போடுகிறவர்கள் நூற்றுக்கு முப்பது அளவுக்கு இறங்கினார்கள். அடுத்த வருடம் சின்னமுத்து வந்து 83 பேர் செத்தார்கள், கிட்டத்தட்ட எல்லாம் சின்னப் பிள்ளைகள். எங்கள் மாகாணத்தின் ஐந்தில் ஒரு பங்கு சனம்கூட இல்லாத நாடு அது.

தொண்ணூறுகளில் மல்லாவிப் பக்கம் எங்களுக்குக் கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய் பிரிட்ஜ். மண்ணெண்ணெய்க்கே தடை இருந்த காலம். சுடர் நீலமாக நிற்கவேண்டும், மஞ்சளாகினால் புகை பிடித்துக் குளிர் போய்விடும். இரவில் இரண்டு தரம் எழும்பிக் குனிந்து அந்தச் சுடரைப் பார்ப்பேன். போலியோச் சொட்டு மருந்து நாளுக்கு இரண்டு பக்கமும் வெடி நிப்பாட்டினார்கள், சைக்கிள் கரியரில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு போவோம். 1993க்குப் பிறகு இந்த நாட்டில் ஒரு போலியோப் பிள்ளை இல்லை. பிறகு மெனிக் ஃபாம் அகதி முகாமில் தறப்பாளுக்குள் ஒரு தாய் பொலித்தீன் பையைப் பிரித்தா. நகை இல்லை, உறுதி இல்லை. மூன்று பிள்ளைகளின் கிளினிக் கார்ட். ஒன்று மட்டும் ஈரம் பட்டு ஊதா மை கரைந்திருந்தது. "அக்கா, இதில் எந்த ஊசி மிச்சம்?" என்று கேட்டா.

கண்டாவளைத் தாய் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு கிழமை கழித்து எழுதுகிறேன்.

போட்டாச்சு. இருபது நிமிடம் வாங்கில் இருந்தோம், பஸ்சை விட்டுவிட்டு ஓட்டோ பிடித்து வந்தோம். எட்டாம் நாள் காய்ச்சல், ஒன்பதாம் நாள் கழுத்தடியில் சிவப்பு, பதினோராம் நாள் ஒன்றும் இல்லை. மாமியாரும் கூட வந்தா. வழியில் மெதுவாகக் கேட்டேன், எந்த ஊசி என்று. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மூன்று வயசு ஊசி... இல்லைப் பிள்ளை, அதுக்கு முதலே அவன் கதைக்கேல்லை" என்றா. பிறகு ஒன்றும் சொல்லவில்லை. வெளியே பார்த்துக்கொண்டு வந்தா.

சித்திக்கு நான் ஒன்றும் அனுப்பவில்லை. அவவோடு யார் கதைப்பது.

மச்சாள் இப்போது பழைய போனை எடுத்து வீடியோ தேடுகிறா. அண்ணா, ஒன்று கேட்கலாமா? உங்கள் மகன் இப்போது எப்படி? அவனுக்குப் பேச்சுப் பயிற்சிக்கு எப்படிப் போனீர்கள் என்று மச்சாள் கேட்கச் சொன்னா.

தண்ணிப்பம்ப்காரன், விசுவமடு எழுதியது:

முழு வசனம் வராது. ஆனால் வேண்டியதைக் கேட்பான், வேண்டாததை இன்னும் தெளிவாகச் சொல்வான். போல்ட் நட்டை அளவு பார்த்து டப்பாக்களில் பிரித்து வைப்பது அவன்தான். நான் பத்தும் பன்னிரண்டும் கலந்து வைத்தால் ஏச்சு விழும்.

மச்சாளுக்குச் சொல்லுங்கோ, பிள்ளைக்கு முதலில் காது பார்த்தார்களா என்று கேட்க. பார்த்திருந்தால் அந்தத் துண்டையும், கிளினிக் கார்ட்டையும், வீடியோ உள்ள போனையும் கொண்டு வரட்டும். எங்கே பதிவது, எந்த நாளில் சனம் குறைவு, எல்லாம் மனிசி எழுதித் தருவா. புதன்கிழமை கடை பூட்டு, வீட்டில்தான் நிற்போம். போனுக்கு சார்ஜர் மறக்கவேண்டாம், எங்கள் பக்கம் பின்னேரத்தில் கரண்ட் போகும்.